கண்ணகை அம்மன் என் மகளுக்குத் தந்த நித்திரை

பெற்ற பிள்ளை கண் மூடாமல் கிடக்க, பக்கத்தில் விழித்திருக்கும் தாய்மாருக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டையும் என் கணவரையும் சுனாமி கொண்டுபோனது. மிஞ்சியது நானும் கைப்பிள்ளை தர்ஷினியும்தான். வாவிக்கு மேற்கே பழுகாமத்தில் அக்கா வீட்டில் ஒதுங்கினோம். சில வருடத்தில் யுத்தம் அங்கேயும் வந்து ஷெல் குண்டு விழுந்தது. மறுபடி வாவியைக் கடந்து ஓடிவந்து, அகதி முகாமில் தறப்பாள் சீலையால் கூரை போட்ட ஒரு கொட்டிலுக்குள் கிடந்தோம்.

தர்ஷினி பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பகலில் சுருண்டு கிடப்பாள். பொழுதுபட்டால் கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி ஓடுவாள், பிடித்தால் கத்துவாள். பக்கத்துக் கொட்டிலில் பச்சைப் பிள்ளை. அதன் தகப்பன் முகத்துக்கு நேரே சொன்னான்: "அக்கா, இந்தப் புள்ளைய வெச்சுக்கிட்டு இஞ்ச இருக்கேலாது. வேற எங்கயாவது போங்க."

எங்கே போவது? ஷெல்லுக்கா, கடலுக்கா?

முகாமுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணகை அம்மன் கோயிலில் விழுந்து அழுதேன். "தாயே, இவளுக்கு நித்திரையைக் கொடு. இல்லாட்டி எங்க ரெண்டு பேரையும் எடு" என்று வாய்விட்டே கேட்டேன். அப்படிக் கேட்கக் கூடாதுதான். கேட்டேன்.

அந்தக் கிழமையே முகாம் பிள்ளைகளைப் பார்க்க, இப்படியான பிள்ளைகளோடு வேலை செய்கிற ஒரு மிஸ் வந்தார். தர்ஷினி மாதிரிப் பிள்ளைகளுக்கு இருப்பது ஓட்டிசம் என்று அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். தர்ஷினியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"படுக்கக்குள்ளயும் ஏன்கா புள்ளைக்குச் செருப்பு?"

"ஓடுறதுக்கு மிஸ்."

அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான் படுக்கவைப்பேன். வெளியே போகிற சட்டை, காலில் செருப்பு, தலைமாட்டில் பை, அணையாத விளக்கு. முகாமில் பல தாய்மார் அப்படித்தான்.

"அப்ப புள்ள ஓடத்தானே பாத்துக்கிட்டு இருக்கும்? எப்படி நித்திரை வரும்?"

பகல் நித்திரையைக் குறைக்கச் சொன்னார். பொழுதுபட்டால் தினமும் ஒரே ஒழுங்கு: சோறு, கால் கழுவுவது, படுக்கிற சட்டை, அதே மூலையில் அதே பாய், விளக்கை அணைப்பது. எழும்பினால் பேசாமல், ஏசாமல் திருப்பிப் பாயில் விட வேண்டும். "முதல்ல இன்னும் கூடக் கத்துவா. விட்டுராதீங்க" என்றார். பக்கத்துக் கொட்டிலிலும் கதைத்து, கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

எல்லாம் செய்தேன், செருப்பைக் கழற்ற மட்டும் கை வரவில்லை. அக்கரையில் வெடி கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள் கோயில் வாசலில் என் செருப்பைக் கழற்றும்போதுதான் மனசில் பட்டது. இங்கே மட்டும் எந்த நம்பிக்கையில் கழற்றுகிறேன்? அன்று பொழுதுபட்டதும், "ஓட வேண்டி வந்தால் நீ எழுப்பு தாயே" என்று சொல்லி, மகளின் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தேன்.

முதலில் மோசமாகத்தான் போனது. அழுதழுது திருப்பிப் பாயில் விட்டேன். மெல்ல மெல்லக் கத்தல் குறைந்தது. ஒருநாள் கால் கழுவிவிட மறந்துபோனேன். தர்ஷினியே என் கையைப் பிடித்து வாளியடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிறகு படுத்தவள் விடியும்வரை எழும்பவில்லை. பயந்துபோய் மூக்கில் கைவைத்து மூச்சுப் பார்த்தேன்.

யுத்தம் முடிந்தது. கடல் கொண்டுபோனவர் வரவில்லை. தர்ஷினி இன்னும் பேசவில்லை. ஆனால் நித்திரை கொள்கிறாள். வருடா வருடம் அம்மனைக் குளிர்விக்கிற குளுத்திச் சடங்குக்கு இருவரும் போய்க் கும்பிடுகிறோம்.

தாய்மாரே, அம்மனிடம் கேளுங்கள். அவள் அனுப்புகிற ஆள் சொல்வதையும் கேளுங்கள். பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள், எனக்கு இன்னும் போகவில்லை. பயத்தோடேயே பிள்ளையின் செருப்பைக் கழற்றி வையுங்கள்.