பதினோரு நிமிடம்

ஆட்டக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கடியாரம்'. டெஸ்ட் ஆட்டத்தில் மணிக்குப் பதினைந்து ஓவர் வீசுகிறார்களா என்று பார்ப்பதுதான் மேட்ச் ரெஃப்ரியாக இருபது வருடமாக அவர் பிழைப்பு. மைதானத்தில் எவனாவது குனிந்து ஷூ லேஸைக் கட்டினால் போதும், அவருக்கு வயிறு எரியும். மனைவி தலைவாரும்போதுகூட மணிக்கட்டைப் பார்க்கிற ஆள்.

அன்று நான்காம் நாள். கண்ணாடி அறையிலிருந்து வாக்கிடாக்கியில் நடுவரைப் பிடித்தார்.

"ரெண்டு ஓவர் பின்னாடி இருக்காங்க சார். கேப்டன்கிட்ட கறாராச் சொல்லிடுங்க. இன்னும் இழுத்தா டீமோட புள்ளியை வெட்ட வேண்டியதாயிடும்."

நடுவர் போய்ச் சொன்னார். கேப்டன் ஒரு ஃபீல்டரை மட்டையாளரின் மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். அந்தப் பையன் ஹெல்மெட் கேட்டுப் பெவிலியன் பக்கம் கையை ஆட்டினான்.

"அது வர்றதுக்குள்ள ரெண்டு நிமிஷம் போயிடும். ஒரு ஓவர்தானே, நில்லுடா."

கேப்டனின் குரல் ஸ்டம்ப் மைக்கில் தெளிவாகக் கேட்டது. இப்போதாவது புத்தி வந்ததே என்று கடியாரத்துக்கு மனசு குளிர்ந்தது.

மூன்றாவது பந்து பையனின் நெற்றிப்பொட்டில் அடித்தது. அவர் விரல் தன்பாட்டுக்கு ஸ்டாப்வாட்சை அழுத்தியது. காயத்துக்குப் போகும் நேரத்தை ஓவர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பது விதி. ஸ்ட்ரெச்சர் வந்து தூக்கிப்போகப் பதினோரு நிமிடம் ஆனது.

சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. பையன் பிழைக்கவில்லை. ஆட்டத்தை அத்தோடு கைவிட்டார்கள். ஆனாலும் பாழாய்ப்போன அந்த ஓவர் கணக்குத் தாளை நிரப்பித்தான் ஆக வேண்டும். கடியாரம் பதினோரு நிமிடத்தைக் கழித்துப் பார்த்தார், மறுபடியும் கழித்துப் பார்த்தார்; பின்தங்கியிருந்த இரண்டு ஓவரும் அதில் அடங்கிவிட்டது. பிறகு, 'தாமதம் ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.