சங்கு நிற்காத கணையம்

எனக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று டொக்டரம்மா சொன்னபோது அழுதது என் மனைவிதான். நான் ஒன்றுதான் கேட்டேன்: “கணையத்துக்கு என்னங்க வேல?”

எந்த மெஷினானாலும் அதன் வேலை தெரிந்தால்தான் கோளாறு பிடிபடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பொகவந்தலாவையில் ஒரு தேயிலை ஃபெக்டரியில் சங்கு ஊதும் வேலையில் தொடங்கினேன். இன்று ஹட்டனில் மாடி வீடும் மூன்று மரக்கறி லொறியும் என் பேரில் இருக்கின்றன. கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதில் வந்தவை அவை.

டொக்டரம்மா சிங்களப் பெண்; தமிழ் நன்றாக வரும். இரைப்பைக்குப் பின்னால் படுத்திருக்கிற கணையம்தான் சாப்பாட்டைக் கரைக்கும் சாறு விடுகிறது, சீனியையும் அடக்குகிறது என்றார். பிறகு நோய்க்கு வந்தார்.

“ஒவ்வொரு செல்லும் சிக்னல் வந்தாத்தான் பெருகும், ஐயா. சிக்னல் வந்ததும் உள்ளுக்குள்ள ஒரு சுவிச் விழும். வேலை முடிஞ்சா தானா அணையணும். உங்களுக்குச் சில செல்லுல அது அணையாம இறுகிப் போச்சு.”

“வெளங்கிருச்சுங்க. காலையில சங்கு ஊதினா ஆளுங்க பேர் குடுக்கப் பெரட்டுக்கு வருவாங்க. கண்டாக்கு வேலையப் பிரிச்சு மலைக்கு அனுப்புவாரு. சங்கு நிக்காம ஊதினா ஆளு வந்துக்கிட்டே இருக்கும். அதுதானே?”

“கிட்டத்தட்ட. ஆனா வெளிய யாருமே ஊதல, ஐயா. அந்தச் செல்லோட காதுக்குள்ளேயே ஊதுது.”

அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. நாற்பது பேர் நிற்கும் கிளினிக்கில் எத்தனை பேருக்கு அது விளங்கியிருக்கும்? எனக்கு விளங்கியது.

கண் மஞ்சளானதும் ஓடிப்போய்க் காட்டியதால் கட்டி வெட்டி எடுக்கிற நிலையில் இருந்தது. கணையத்தின் தலைப்பக்கத்தை எடுத்தார்கள். ஆனால் சுவிச் இறுகிய செல் ஒன்றிரண்டு எங்காவது ஒளிந்திருக்கலாம். அதற்கு மருந்து ஏற்ற வேண்டும். உடம்பில் தெம்பு வேண்டும். நானோ இளைத்துக்கொண்டே போனேன். சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. கக்கூசில் எண்ணெயாக மிதந்தது.

“சாறு பத்தல” என்று டொக்டரம்மா கெப்சூல் எழுதிக் கொடுத்தார். அடுத்த கிளினிக்கில் தராசில் ஏறினேன். இன்னும் இறங்கியிருந்தது.

“இப்பிடியே குறைஞ்சா மருந்து ஏத்த முடியாது, ஐயா. கெப்சூல் எப்படி எடுக்கிறீங்க?”

“எழும்புனதும் மொத வேலையே அதுதாங்க. மூடியத் தெறந்து, உள்ள இருக்கிற மணியையெல்லாம் பிளேன்டீல கொட்டி ஒரே மடக்கு.”

“சூடாவா?”

என் மனைவி முந்திக்கொண்டாள். “கொதிக்கக் கொதிக்க, டொக்டர். ஒருநாள்கூட தவறல.”

டொக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

எங்கள் பக்கத்தில் எந்த மருந்தும் தேத்தண்ணியோடுதான் தொண்டையில் இறங்கும். தோட்டத்து லய வீடுகளில் காய்ச்சல் மாத்திரையானாலும் பூச்சி மருந்தானாலும் பக்கத்தில் ஒரு கோப்பை சாயத் தேத்தண்ணி இருக்கும். அப்படி வளர்ந்த வாய் இது. ஆனால் அந்த மணிக்குள் இருந்தது கணையச் சாறேதானாம். சூட்டில் அது செத்துப்போகுமாம். வெறும் வயிற்றில் போனால் கரைக்கச் சாப்பாடும் இல்லை.

“சாப்பாடு வந்து கூப்பிட்டாத்தான் கணையம் சாறு விடும், ஐயா. உங்ககிட்ட மிச்சம் இருக்கிற கணையத்தால அவ்வளவு விட முடியாது. அதனால சாப்பிடத் தொடங்கும்போதே கெப்சூல் உள்ள போகணும். பச்சத் தண்ணியில.”

பஸ்ஸில் வரும்போது மனைவி விடவில்லை.

“வேல தெரிஞ்சாத்தான் கோளாறு புடிபடும்னு சொன்ன மனுசன் எங்கங்க?”

“கலக்குனது நீதானே?”

“கலக்கச் சொன்ன வாய் எதுங்க?”

பக்கத்து சீட்டு அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். கோளாறு பிடிபட்டுவிட்டதே! ஃபெக்டரியில் ஒரு நிமிசம் பிந்தாமல் சங்கு ஊதியவன் நான். என் வயிற்றுக்கு நேரம் பார்த்து ஊத என்னைவிட யார் உண்டு?

அன்றிலிருந்து தட்டில் சோறு விழுந்து முதல் கவளம் வாய்க்குப் போனதும் கெப்சூல், பச்சைத் தண்ணீர். பிளேன்டீ பிறகுதான். கொஞ்ச நாளில் கக்கூசில் எண்ணெய் மிதப்பது நின்றுபோனது. பெல்ட்டில் நானே குத்திய புது ஓட்டையிலிருந்து பழைய ஓட்டைக்குத் திரும்பினேன்.

அடுத்த தடவை தராசைப் பார்த்த டொக்டரம்மா, “கதிரையில போய் உக்காருங்க, ஐயா. இன்னைக்கே ஏத்துவோம்” என்றார்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. காதுக்குள் ஊதுகிற அந்தச் சங்குகளைத் தேடித்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் பிடிக்குமா என்று டொக்டரம்மாவுக்கே தெரியாது. நான் பிடிக்கும் என்றே வைத்திருக்கிறேன்.

பசித்தது. மனைவி ரொட்டியை எடுத்தாள். தருவதற்கு முன் என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தாள்.

“இருக்கு, இருக்கு” என்றேன்.

பிளேன்டீ ஃபிளாஸ்கை மட்டும் தன் காலுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டாள்.