கூறைப்புடவையில் ஓட்டிய இழை

யுத்த காலம் அது. துணிக்குக் கட்டுப்பாடு வந்து, காசை நீட்டினாலும் கடையில் சேலை கிடைக்காத சமயம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், நான் பிறந்த ஊரில், என் தம்பிக்குக் கல்யாணம் வைத்தார்கள்.

எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பெரியப்பா வீட்டார்தான் முன்னின்று நடத்தினார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவனுக்கு இணையாக நின்று, பெண்ணுக்கு எடுத்த கூறைப்புடவையைக் கூடையில் ஏந்த வேண்டும். புடவையின் ஒரு தலைப்பு அவன் கையிடுக்கில் இருக்கும். கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்ட பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் மிஞ்சுகிற பெரிய உரிமை அதுதான். எனக்கோ ஒரே தம்பி. அவன் கிழித்துக்கொண்டு வந்த சட்டைகளைத் தைத்துத் தைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். அந்தச் சீருக்காக எவ்வளவு ஆசையோடு காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

சீருக்கு நிற்பவளுக்கும் புதுச்சேலை எடுப்பது முறை. ஆனால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியும் கூறைப்புடவை ஒன்றுதான் அகப்பட்டது. போகட்டும், என் கல்யாணச் சேலை இருக்கிறதே என்று அதையே எடுத்து வந்தேன். முன்பு ஒரு கோயில் நோன்பித் திருவிழாவுக்குப் போனபோது வண்டி ஆணியில் மாட்டி அது கிழிந்திருந்தது. நானே தைத்திருந்தேன். ஒட்டுப் போட்டுத் தைத்தால் அசிங்கம். சேலையின் உள்தலைப்பிலிருந்தே இழையை உருவி, ஊசியில் கோத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக, தறியில் நெய்வது மாதிரி ஓட்ட வேண்டும். நூலும் அதுவே, நிறமும் அதுவே. புதிதில் யாருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் தம்பி என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். கூறைப்புடவையை விரித்தான். மடிப்புக்குள்ளே எலி கடித்திருந்தது. எலி கடித்த கூறை என்று தெரிந்தால் பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். வேறு புடவைக்கு எங்கே போவது? யாருக்கும் தெரியாமல் தைத்துக் கொடு என்று கையைப் பிடித்துக்கொண்டான். பொழுது இறங்குவதற்குள் தைத்து முடித்தேன். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், இடம் எதுவென்று அவனுக்கே தெரியவில்லை. மானத்தைக் காப்பாற்றினாய் என்று கண் கலங்கினான். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டேன். பைத்தியக்காரி.

மறுநாள் இணைச்சீருக்குக் கூப்பிட்டார்கள். கூடையை வாங்கக் கையை நீட்டினேன். என் முந்தானையைச் சரி செய்கிற சாக்கில் பெரியம்மா அதை இழுத்துப் பார்த்தாள். துவைத்துத் துவைத்து, தைத்த இடம் லேசாகச் சுருங்கியிருந்தது. அவளுக்கும் ஒரு மகள் இருந்தாள், அந்த மகள் புதுச்சேலையும் கட்டியிருந்தாள். அது எந்தப் பெட்டியில் அதுவரை ஒளிந்திருந்ததோ!

சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரரிடம் திரும்பி, பெரியம்மா எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"ஏனுங்க, தைச்ச சீலையோட சீருக்கு நிக்கலாமுங்களா?"

"ஆகாதுங்க. முழுத்துணிதானுங்க முறை."

அந்த மனிதரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்டதற்குப் பதில் சொன்னார். நான் தம்பியைப் பார்த்தேன். கூடையில் இருப்பதும் தைத்ததுதான் என்று அந்தப் பந்தலில் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அதை அவன் சொல்ல வேண்டாம். 'எங்கக்கா நிக்கட்டுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாப்பிள்ளை பேச்சை யார் தட்டப்போகிறார்கள்?

அவன் கூடையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் எங்கே வாயைத் திறந்துவிடுவேனோ என்ற பயம்தான் அவன் முகத்தில் இருந்தது.

"அக்கா, பெரியம்மா சொல்றபடி கேட்டுக்கோ."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதைதான் ஆடியது, அவனுடையது ஆடவில்லை. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கல்யாணமே நின்றிருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. மணவறைக்குக் கூப்பிடுவார்கள் என்று உள்ளே காத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? விழுங்கிக்கொண்டேன். பெரியம்மா மகள் கூடையை ஏந்தினாள். நான் ஓட்டிய இழை அவள் கையில் இருந்தது. என் வீட்டுக்காரர் கோபத்தில் வண்டியைப் பூட்டப் போனார். ஊர் பேசும், சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்று நான்தான் தடுத்தேன்.

கட்டுப்பாடு தீர்ந்த பிறகு தம்பி ஒரு பட்டுச்சேலையோடு என் வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு நீ வாய் திறக்காததற்கு என்றான். ஆகவே அதுவும் என் வாயைத் தைக்கத்தான், என் மனசுக்கு அல்ல. திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டேன். அந்தக் கூறை இன்னும் அவன் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதாம். நைந்தாலும் தையல் விடவில்லையாம். அவன் பெண்டாட்டி எல்லாரிடமும் எடுத்துக் காட்டிப் பெருமைப்படுகிறாள். எது தையல் என்று அவளுக்குத் தெரியாது.

இப்போதும் அக்கம்பக்கத்தார் கிழிசலைக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் தைத்துக் கொடுங்கள் என்று கையைப் பிடிப்பதுண்டு. தைத்துக் கொடுத்துவிடுகிறேன், வாங்கிக்கொண்டு போகும்போது அவர்கள் முகத்தை மட்டும் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.