பல்செட்காரர் வாங்கி வந்த மஞ்சள் பூ

அவர் பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. பல்செட்காரர் என்றால்தான் தெரியும். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மெழுகும் அச்சும் சின்னச் சின்னக் கத்திகளுமாக உட்கார்ந்து பொய்ப்பல் செய்கிறவர். பல்லும் ஈறும் சேருகிற கோடு தெரியவே கூடாது, அதில் ரொம்பக் கறார். பஸ்ஸில் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால் போதும், எது சொந்தப் பல், எது கட்டிய பல் என்று மனசுக்குள் பிரித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட கண்ணிலேயே ஒருவன் மண்ணைத் தூவிவிட்டான்.

போன வருஷம் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து முன்பல் இரண்டைப் பறிகொடுத்தாள். அவரே பார்த்துப் பார்த்துச் செய்து மாட்டிவிட்டார். அச்சு அசலாக இருந்தது. ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பேசினால் கழன்றுவிடுமோ, சிரித்தால் தெரிந்துவிடுமோ என்று அக்கம்பக்கத்தில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். காலை முதல் ராத்திரி வரை ஓயாமல் பேசுகிற மனுஷி! வீடு வெறிச்சோடிப் போனது அவருக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோட்டோர நர்சரியில் ஒரு குட்டிக் கள்ளிச்செடி கண்ணில் பட்டது. உள்ளங்கையில் அடங்குகிற பச்சை உருண்டை, உச்சந்தலையில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பூ. பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்து ஜன்னலில் வைத்தார்.

தண்ணீர் தெளித்தால் பூ மூடிக்கொள்ளும், காய்ந்ததும் விரியும். வாரக்கணக்கில் வாடவே இல்லை. மனைவி எதிர்வீட்டு அக்காவிடம் அதைப் பற்றி ஜன்னல் வழியாக இரண்டு வார்த்தை சொன்னாள். அக்கா பார்க்க வந்தாள். அப்புறம் அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவும் வந்தாள். "என் கைராசிதான், வேறென்ன!" என்று இவள் அளக்க ஆரம்பித்தாள். சாயங்காலமானால் வீட்டில் பேச்சுச் சத்தம். பல்செட்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். தொழில் புத்தி விட்டால்தானே! வாடாத பூ ஒன்று எப்படி இருக்க முடியும் என்று மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் பூதக்கண்ணாடியை வைத்துப் பூவின் அடியைப் பார்த்தார். காம்பைக் காணோம். செடியும் பூவும் சேருகிற இடத்தில் பசை வழிந்து உறைந்திருந்தது. எந்தச் செடியின் பூவையோ காயவைத்து, சூடான பசையில் ஒட்டியிருந்தார்கள். பசைக்குக் கீழே செடியின் உச்சி பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

அவருக்குப் பகீரென்றது. பூவை விட்டுவைத்தால் செடி போய்விடும். எடுத்துவிட்டால் இவள் மறுபடி வாயை மூடிக்கொள்வாள். அதே மாதிரி நிஜமாகப் பூக்கிற செடி ஒன்றை வாங்கி, சத்தம் போடாமல் மாற்றி வைத்துவிடுவது என்று முடிவு செய்து, வேறொரு நர்சரிக்குப் போய், நிஜமாகப் பூக்கிற கள்ளி வேண்டும் என்று கேட்டார்.

நர்சரிக்காரம்மா அவர் கையிலிருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். "கள்ளின்னு சொல்றது எல்லாமே கேக்டஸ் இல்ல சார். முள்ளு எங்கேருந்து வருதுன்னு பாருங்க. அடியில பஞ்சு வெச்ச மாதிரி ஒரு திட்டு இருக்கா?"

அவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு முள் கொத்துக்கும் அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு! "அட, ஆமா!"

"அதான் கேக்டஸ். இந்தப் பக்கத்துச் செடியில பஞ்சு இல்ல, முள்ளு ஜோடி ஜோடியா இருக்கு. கீறினா பால் வரும். கண்ணுல பட்டுதோ, ஆஸ்பத்திரிதான்."

"மொட்டு எங்கேருந்துங்க வரும்?"

"இந்த வகையில அந்தப் பஞ்சுக்குள்ளேருந்துதான். வாங்கறப்ப அடியை அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருக்கணும். கொழகொழன்னா அழுகிப்போச்சுன்னு அர்த்தம்."

பென்சில் முனையால் ஒவ்வொரு செடியாக அமுக்கிப் பார்த்தார். வந்த காரியமே மறந்துபோய், திட்டுத் திட்டாகத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றில் பஞ்சை விலக்கிக்கொண்டு மூன்று மொட்டுகள் எட்டிப் பார்த்தன.

"பூத்தா எத்தனை நாள் நிக்கும்?"

"நாலஞ்சு நாள். அப்புறம் வாடிடும்."

"வாடாத வகை ஏதாவது..."

"அதுக்கு பிளாஸ்டிக் கடைக்குத்தான் போகணும்!"

மனசு விட்டுப்போனாலும் அந்த மொட்டுச் செடியை வாங்கிக்கொண்டார். வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொண்டார். "பையில என்னங்க?" என்றாள் மனைவி. அவருக்குப் பொய்ப்பல் செய்யத் தெரியுமே ஒழிய, பொய் சொல்ல வராது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் முகம் விழுந்துபோயிற்று. "ஊரையே கூட்டிக் காட்டினேனே, ஏங்க!"

"யாருக்கும் தெரிய வேணாம். இதை அந்த இடத்துல வெச்சிடலாம்."

"முதல்ல அந்தப் பசையை எடுங்க. பாவம், அது எப்படி வளரும்?"

மெழுகு செதுக்குகிற கத்தியால் பூவை மெல்ல நெம்பினார். கூடவே கொஞ்சம் தோலும் வந்தது. வழுக்கைத் தலையோடு செடி நின்றது. அவளும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்தாள். "எங்கே, பூவைக் காணோம்?"

உதிர்ந்துவிட்டது என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், அறையிலிருந்து வந்த மனைவி முந்திக்கொண்டாள். "அது ஒட்டின பூவாம் அக்கா. இவரே ஏமாந்துட்டாரு."

"அடக் கடவுளே! தினம் பார்த்தோம், ஒருத்தருக்கும் தெரியலையே!"

மனைவி ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு கட்டைவிரலை வாய்க்குள் கொடுத்து, முன்பல் இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "இதுவும்தான் உங்களுக்குத் தெரியல. என் வீட்டுக்காரர் செஞ்சது."

அக்கா பல்லைப் பார்த்தாள், ஓட்டை வாயைப் பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க! இதை எப்படிச் செஞ்சீங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்க!" என்று மனைவி கூப்பிட்டாள்.

அவர் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்ல ஆரம்பித்தாள்.