ரங்கூன் பந்தை ஊறப்போட்ட கதை

அறுபதுகளின் நடுவில், திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. தோல் ஷாப்பு என்றால் செருப்புக் கடை இல்லை. பச்சைத் தோலைப் பதனிடும் இடம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலை ஊறப்போட்டு எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சமயம்தான் பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். அவர்களில் எங்கள் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட பத்துப் பேர் சேர்ந்து, மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த பொட்டலில் ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கினார்கள். குடியிருக்க வீடு அமையவில்லை, அதற்குள் கிளப். ஊரே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். கேப்டன், அவர்களில் வந்த கையோடு சைக்கிள் கடை போட்டிருந்த ஒரு பாய். பதினோராவது ஆள் கிடைக்காமல், வேடிக்கை பார்க்கப் போன என்னைக் கூப்பிட்டு கோல் காக்க நிறுத்தினார். உயரமாக இருந்தேன், அவ்வளவுதான் என் தகுதி.

அவர்களிடம் இருந்தது ஒரே பந்து. ரங்கூனில் ஆடிய பந்து. துறைமுகச் சோதனையில் நகை நட்டையெல்லாம் பிடுங்கிக்கொண்டவர்கள், காற்றை இறக்கிக் கைலிக்குள் சுருட்டி வைத்திருந்த அந்தத் தோலை மட்டும் சீண்டவில்லையாம். ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் வட்டமாக நின்று, அதைக் கீழே விழாமல் காலால் ஒருவருக்கொருவர் தட்டிவிடுவார்கள். பர்மாவில் பிரம்புப் பந்தை அப்படித்தான் ஆடுவார்களாம். எல்லார் காலும் பட்ட பிறகுதான் ஆட்டம். என்னிடம் வரும்போது மட்டும் பொத்தென்று விழும். யாரும் கோபிக்காமல் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அது எனக்குப் பெரிய அவமானமாக இருக்கும்.

பந்தை வாரம் ஒருவர் வீட்டில் முறைவைத்துப் பாதுகாப்பார்கள். ஏழெட்டு மாதம் எனக்கு அந்த முறை வரவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கேப்டன் பந்தை என் கையில் கொடுத்து, "இந்த வாரம் ஒன் முறை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வடமதுரைக்காரர்களோடு மேட்ச். பந்தைத் தடவிப் பார்த்தால் தோல் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. விடுவேனா? தெரிந்த தொழிலாயிற்றே. உள்ளே காற்றடைக்கும் ரப்பர் பிளாடரை உருவி வைத்துவிட்டு, சனிக்கிழமை பூராவும் பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். ஞாயிறு காலையில் ஈரம் காயும் முன்பே பிளாடரைத் திணித்துக் காற்றடித்தேன். தையல் இளகி ஒரு பக்கம் பிதுங்கியது. பதறிப்போய் வெயிலில் வைத்தேன், பிதுங்கியபடியே விறைத்துவிட்டது. பந்து இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பரங்கிக்காய் உட்கார்ந்திருந்தது.

பயத்தில் பொட்டலுக்குப் போகவில்லை. பந்து களவு போய்விட்டது என்று சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டு கொல்லையில் ஒளிந்திருந்தேன். தேடி வந்த கேப்டனிடம் என் அம்மா, "இந்தாங்க தம்பி ஒங்க பந்து. நேத்துலருந்து இதத்தேன் கட்டிக்கிட்டு அழுகுறான்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் வெளியே வந்தேன்.

அவர் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இத வச்சு ஆடுனவங்கள்ல பாதிப் பேரு அங்கிட்டு ரங்கூன்லயே நின்னுட்டாங்க அப்பு" என்றார். என்னால் நிமிர முடியவில்லை. கிளப்பில் இனி எனக்கு இடமில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். அவரோ சைக்கிள் பின்னால் ஏறச் சொன்னார்.

பொட்டலில் எல்லாரும் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் என்னை முறைத்தார். கேப்டன்தான் பேசினார்.

"இம்புட்டு நாளா ரங்கூன் பந்தா இருந்துச்சு. இப்ப நம்மூரு பட்டை ஏறிருச்சுல்ல, இனிமே இது திண்டுக்கல் பந்து. வட்டத்துக்கு வாங்க."

வட்டம் கூடியது. அந்தப் பரங்கிக்காய் யார் காலுக்கும் அடங்கவில்லை. முதலில் கேப்டனே கீழே விட்டார். அடுத்து என்னை முறைத்தவர் விட்டார். யாரோ சிரிக்க, எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மேட்சை வடமதுரைக்காரர்களின் பந்தில் ஆடி மூன்று கோலில் தோற்றோம். மூன்றும் நான் விட்டது.

சில வருஷங்களில் பிழைப்புத் தேடி ஒவ்வொருவராக மெட்ராஸ் பக்கம் போய்விட்டார்கள். கிளப் கலைந்தது. இன்று அந்தப் பொட்டல் முழுக்க வீடுகள். கடைசியாகக் கிளம்பிய கேப்டன், மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் என் வீட்டில் இறங்கி, பந்தை நீட்டி, "இந்த வாரம் ஒன் முறை" என்றார்.

அந்த வாரம் இன்னும் முடியவில்லை. பந்து என் பீரோ மேல்தான் இருக்கிறது. கடல் தாண்டிக் காப்பாற்றிக் கொண்டுவந்ததை, அதைக் கெடுத்தவன் கையிலேயே நம்பிக் கொடுத்துவிட்டுப் போனாரே என்று நினைக்கும்போதெல்லாம் அதை எடுத்துத் துடைத்து, மறுபடி அங்கேயே வைக்கிறேன்.