கடல் பக்கக் கோடு

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் எழுத வந்திருப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு, அதற்குப் பிறகு மரக்காணம் உப்பளத்தில் வேலை, எழுதியதென்றால் மூட்டைக் கணக்குதான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசக்கூட எனக்குக் கூச்சம், அதனால்தான் இத்தனை வருஷம் இதை யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அதையெல்லாம் நம்புகிறேன் என்று சொல்ல வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

லீவு நாட்களில் கபடி மேட்சுக்கு நடுவராகப் போவேன். சின்ன வயசில் ஆடினேன், முட்டி போனதும் விசிலை எடுத்துக்கொண்டேன். பஸ் காசும் சாப்பாடும் கொஞ்சம் பேட்டாவும் கொடுப்பார்கள், பேட்டா பாதி நாள் வரும், பாதி நாள் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ணா" என்பார்கள், அதற்காகவெல்லாம் நாங்கள் போவதை நிறுத்தவில்லை. ஒரு மேட்சுக்கு இரண்டு நடுவர்கள், கோர்ட்டின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒருவர். யாரோடு யாரைப் போடுவது என்று முடிவு செய்வது எங்கள் செயலாளர் வேலை, அவருக்குத் திண்டிவனத்தில் சைக்கிள் கடை. என்னோடு ஜோடி சேர யாரும் விரும்புவதில்லை. காரணம் என் விசில். பயந்து பயந்து ஊதுவேன், கூட்டம் கத்தினால் யார் அதிகமாகக் கத்துகிறார்களோ அந்தப் பக்கம் கை தானாகப் போய்விடும். கடைசியாக என்னோடு வந்த தனசேகர் கடைக்கே போய்ப் புகார் சொல்லிவிட்டான். "அண்ணே, அந்தாளு கூட போட்டீங்கன்னா ஊர் திட்டு பூரா நான் ஒருத்தனே வாங்கணும்" என்றானாம். செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா செல்வராசு, நீ விசில் அடிச்சா காக்கா கூட எழுந்து பறக்காது போலிருக்கே. பொங்கல் மேட்சு ஒண்ணு தர்றேன். அதுலயும் கம்ப்ளைண்டு வந்துச்சின்னா இனிமே நீ ஸ்கோர் போர்டு பக்கமா உக்காந்துக்கோ" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. எனக்கென்று இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

அது 2006 பொங்கல். மேட்ச் எக்கியார்குப்பத்துக்கு வடக்கே ஒரு சின்ன மீனவர் குப்பத்தில். முந்தின வருஷம் பொங்கலுக்கு அந்தக் கரையில் யாரும் பானை வைக்கவில்லை, சுனாமி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை அப்போது. அதனால் இந்த வருஷம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக் கொண்டாடிவிடுவது என்று இருந்தார்கள். ஒலிபெருக்கி, கலர்த்தாள், கோயில் மாதாவுக்குப் புதுமாலை, எதிர் அணியாக உள்நாட்டு விவசாய கிராமத்துப் பிள்ளைகளை டிராக்டரிலேயே வரவழைத்திருந்தார்கள்.

நான் பஸ்ஸை நம்பாமல் சைக்கிளில் ஒரு மூட்டை உப்போடு போனேன். எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக்குச் சுண்ணாம்பு போடமாட்டோம், உப்புதான். விழுந்தால் சுண்ணாம்பு மாதிரிக் கண்ணைக் கெடுக்காது, தை மாதப் பனியில் விடிவதற்குள் தானாகக் கரைந்துவிடும், மைதானத்தைச் சுத்தம் செய்கிற வேலையும் இல்லை. குனிந்து நாலு பக்கமும் நடுவிலும் கோடு இழுத்து முடித்து நிமிர்ந்தால், கோட்டுக்கு அந்தப் பக்கம், கடல் பக்கம், ஒருவர் நின்றிருந்தார். முப்பது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில்.

"அண்ணா, இன்னைக்கு நான்தான் உங்க பார்ட்னர்" என்றார்.

தனசேகருக்குப் பதிலாகச் செயலாளர் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பேர் கேட்டிருக்கலாம், கூச்சத்தில் கேட்கவில்லை. "டாஸ் போடலாம், வாங்க" என்றேன். "நீங்களே போட்டுடுங்கண்ணா, நான் இங்கயே நிக்கிறேன். இந்தப் பக்கம் யாராச்சும் நிக்கணுமில்ல" என்று சிரித்தார்.

அவர் சொன்னதும்தான் கவனித்தேன். கூட்டம் கோர்ட்டின் மூன்று பக்கம்தான் உட்கார்ந்திருந்தது. கடல் பக்கத்தை வெறுமனே விட்டிருந்தார்கள். அந்த வருஷம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார அந்தக் குப்பத்தில் யாருக்கும் மனசு வரவில்லை. அவர் ஒருவர்தான் கடலுக்கு முதுகைக் காட்டி நிம்மதியாக நின்றார்.

மேட்ச் என்றால் அப்படி ஒரு மேட்ச். பெண்கள் முறத்தைத் தட்டினார்கள், டிராக்டர்காரர் பாயிண்ட் விழுந்தால் ஹாரன் அடித்தார், அது யார் பாயிண்ட் என்பதெல்லாம் அவருக்குக் கவலையில்லை. என் பார்ட்னர் ஒவ்வொரு ரைடு முடிந்ததும் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவார். யாரும் எனக்கு அப்படித் தலையாட்டியதில்லை. இடைவேளையில் நடுவர்கள் பக்கம் மாற வேண்டும், அவர் மாட்டேன் என்று கையசைத்தார். டீ கொடுத்த பிலோமினா அக்கா, "ஏம்பா, வெள்ளைச் சட்டை தம்பி, இங்க வந்து குடிக்கக் கூடாதா? எங்கள நடக்க வக்கிறியே" என்று திட்டிக்கொண்டே கோர்ட்டைச் சுற்றிப் போய் டம்ளரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

பொழுது சாய்கிற நேரம், இரண்டு அணியும் சமம். கடைசி ரைடு, குப்பத்துப் பையன் ஆரோக்கியம் பாடிப் போகிறான். மூன்று பேர் சேர்ந்து அவனை அமுக்கிவிட்டார்கள், என் காலடியில்தான், அவன் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டில் விரலை வைத்துவிட்டான். குப்பமே எழுந்துவிட்டது. ஆனால் விரல் உப்பைத் தொடுவதற்கு முன்னாலேயே அவனுடைய "கபடி கபடி" நின்றுபோனதை நான் கேட்டேன். பாட்டு விட்டால் அவுட். விசில் வாயில் இருக்கிறது, காற்று வரவில்லை. அதற்குள் இரண்டு பக்கமும் கோர்ட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். "பாயிண்டு குடுய்யா!" "யோவ், மூச்சு விட்டுட்டான்யா!" ஒருவன் என் சட்டையைப் பிடித்துவிட்டான்.

இந்த மாதிரி நேரத்தில் இரண்டு நடுவரும் நடுவில் வந்து பேச வேண்டும். நான் கடல் பக்கம் பார்த்தேன். அவர் கோட்டைத் தாண்டவில்லை. கையை உயர்த்தி, "நீங்க வாங்கண்ணா" என்றார். அத்தனை இரைச்சலில் அது எனக்கு எப்படிக் கேட்டது என்று தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுக்கோட்டோடு போனேன்.

"என்னண்ணா பாத்தீங்க?"

"விரல வக்கறதுக்கு முன்னாடியே பாட்டு விட்டுட்டான். நீங்க பாத்தீங்களா?"

"எனக்கு எங்க கேக்கும்? பின்னால கடல் சத்தம். நீங்க கேட்டீங்க இல்ல, சொல்லுங்க."

"உள்ளூர் பையங்க... பொங்கலு வேற. அடிச்சிடுவாங்க தம்பி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடிச்சா இந்தப் பக்கம் ஓடியாந்துடுங்க, நான் பாத்துக்கிறேன். இந்தாங்க, இத ஊதுங்க. உங்களுது கொசு கத்துற மாதிரி இருக்குது" என்று தன் விசிலைக் கழற்றிக் கோட்டுக்கு மேலாக வீசினார். பித்தளை விசில். பிடித்தேன், ஜில்லென்று இருந்தது. என்ன வந்ததோ தெரியவில்லை, திரும்பி நின்று ஊதினேன்.

மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த உப்புக் கொட்டகை மேலே உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாக எழுந்து பறந்தன. இதை நான் சேர்த்துச் சொல்லவில்லை, அன்று இருந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. "அவுட்!" என்று கத்தினேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். குப்பத்துக் கேப்டன் என்னை நோக்கி வந்தான், அப்போது மண்ணில் கிடந்த ஆரோக்கியம் எழுந்து, "டேய், வுடுங்கடா. மூச்சு போயிடுச்சிடா, அவரு சொல்றது கரெக்டு" என்று சிரிக்க ஆரம்பித்தான். கேப்டனும் சிரித்துவிட்டான். டிராக்டர் ஹாரன் நிற்கவே இல்லை. ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் ஒரே தாம்பாளத்தில் ஆரத்தி எடுத்தார்கள், எனக்கும் குங்குமம் வைத்தார்கள். யாரோ என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார்கள், வாழ்க்கையில் முதல் தடவை.

கீழே இறங்கிப் பார்த்தபோது கடல் பக்கம் யாரும் இல்லை. இரண்டு இலை போட்டு வஞ்சிரம் குழம்பு ஊற்றிவிட்டு, "உங்க கூட வந்தவரு எங்கங்க?" என்று ஊர்ப் பெரியவர் கேட்டார். "அவரு என்கூட வரலீங்களே. எங்க செயலாளர் அனுப்பினாருன்னு நெனச்சேன், இல்லன்னா உங்க ஊரு ஆளா..." என்று இழுத்தேன். "எங்களுக்கு எப்படித் தெரியும், உங்ககூட பேசிக்கினு நின்னாரு, உங்க ஆளுன்னு நெனச்சோம்" என்றார். பக்கத்துக் கடை போனிலிருந்து செயலாளரைக் கூப்பிட்டேன். அவர், "யாரையும் அனுப்பலையேப்பா! தனசேகர் வரலன்னுட்டான். அந்த ஊர்லயே ஒருத்தர நிக்க வச்சிக்குவீங்கன்னு வுட்டுட்டேன். இப்ப ஆளே இல்லாதவனுக்குப் பேட்டா எந்தக் கணக்குல எழுதறது?" என்று சிரித்தார். குப்பத்தில் அத்தனை பேரும் அவரைப் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் தெரிந்தவர் இல்லை. பிலோமினா அக்கா மட்டும், "டீய குடிக்கலப்பா. டம்ளர கையில வச்சி ஆவிய மோந்துக்கினே இருந்தாரு, அப்படியே திருப்பிக் குடுத்துட்டாரு" என்றார்.

ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பேட்டா கவரைக் கோயில் உண்டியலில் போட்டேன். அந்த மேட்சுக்குப் பிறகு எனக்கு ஜோடி கிடைக்காமல் போனதில்லை, தனசேகரே, "அண்ணே, என்னை செல்வராசண்ணன் கூட போடுங்க" என்று கேட்டு வந்தான். அந்த விசிலைத்தான் இன்றைக்கும் ஊதுகிறேன். எத்தனை தடவை கழுவினாலும் வாயில் வைத்ததும் உப்புக் கரிக்கிறது. உப்பளத்துக்காரன் வாய்க்கு எல்லாமே கரிக்கும் என்பாள் என் மனைவி. இது உப்பளத்து உப்பு இல்லை, கடல் தண்ணீர். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் உப்பளத்தில் பாத்தி மிதிக்கப் போகிற வழியில் சைக்கிளை அந்த மைதானத்துப் பக்கம் விட்டேன். நல்ல பனி. மூன்று பக்கக் கோடும் நடுக்கோடும் கரைந்து போயிருந்தன. கடல் பக்கக் கோடு மட்டும் நான் போட்டபடி வெள்ளையாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.