சவரியம்மாவின் பார்லோ, பார்லி

சவரி போய்விட்டாள்.

காலையில் தங்காக்கிலிருந்து அவள் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "சின்னம்மா... அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். 

எனக்குத் தொண்ணூறு வயது. ஒற்றை விரலில்தான் டைப் செய்கிறேன். பேத்தி, "நான் அடிச்சுத் தரேன் பாட்டி" என்று வந்தாள். இதை நான்தான் அடிக்க வேண்டும் என்று விரட்டிவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவரியம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். என் வீட்டுக் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து, சாம்பாரில் உப்பு இல்லை என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வாளே... அவள்தான்.

பதினைந்து வயதில் அவளும் நானும் சாஆ என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் வேலை செய்தோம். ஜப்பான்காரன் சண்டை போட்டு நாட்டைப் பிடிக்க வருவதற்கு மூன்று வருடம் முன்பு.

துரை இங்கிலீஷ்காரர். துரைசானி இத்தாலிக்காரி. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. சின்ன மிஸ்ஸி என்போம்.

மத்தியானம் ஆனால் துரைசானி மகளை உட்காரவைத்து இத்தாலி வினைச்சொல்லை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைப்பாள். பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ, பார்லாத்தே, பார்லனோ... துணி மடித்துக்கொண்டே நாங்களும் கூடவே முணுமுணுப்போம்.

அர்த்தமா? ஒரு மண்ணும் தெரியாது. துரைசானியின் முகத்தைப் பார்த்து நாங்களே வரிசைக்கு வரிசை பெயர் வைத்தோம்.

பென்சிலால் மேசையைத் தட்டிச் சொன்னால் அது அதட்டல் வரிசை. பார்லெரோ, பார்லெராய் என்று எழுந்து நடந்தபடி சொன்னால் ஊருக்குப் போற வரிசை. பார்லாஸ்ஸி, பார்லாஸ்ஸி என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னால் பெருமூச்சு வரிசை... பெயரெல்லாம் சவரி வைத்ததுதான்.

பிறகு துரைசானிக்கு உடம்பு முடியாமல் போய், கப்பலேறி அவள் ஊருக்குப் போனாள். குழந்தை அம்மாவைக் கேட்டு அழுதது. துரை உத்தரவு போட்டார்... வீட்டில் இனி இங்கிலீஷ் மட்டும். அந்த பாஷை யார் வாயிலும் வரக் கூடாது.

குழந்தை சாப்பாட்டையே நிறுத்திவிட்டது. பாலும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். நாலே நாளில் கை கால் குச்சியாகிவிட்டது. 

கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, "பார்லோ" என்றேன்.

குழந்தை என்னையே பார்த்தது. "பார்லி" என்று வாயைத் திறந்தது. கரண்டியை உள்ளே விட்டுவிட்டேன்!

நான் ஒன்று சொல்ல, அது ஒன்று சொல்ல, ஒரு வரிசைக்கு மூன்று வாய் கஞ்சி. இரண்டு நாள் நன்றாகத்தான் போனது.

மூன்றாம் நாள் துரை ரப்பர் காட்டிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். படிக்கட்டில் நின்று கேட்டிருக்கிறார். முகமெல்லாம் சிவந்து உள்ளே வந்தார். நான் கிண்ணத்தோடு இருக்கிறேன். குழந்தைக்கு வாய் துடைக்கத் துண்டு எடுக்கப் போன சவரி, அப்போதுதான் பின்கதவு வழியாக நுழைகிறாள்.

"யாரு பாடினது?" துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும்.

"நான்தான் தொரை" என்றாள் சவரி.

நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். அப்புறமாவது திறந்திருக்கலாம்... நான் திறக்கவில்லை.

அன்றைக்கே அவளைப் பங்களாவை விட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பெரட்டில் ஆள் பெயர் கூப்பிடும்போது, பால்வெட்டுக் கத்தியோடு நின்றாள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று அழுதேன்.

"உனக்கு அட்டைன்னா பயம்லா. காட்டுல ஒரு நாள் தாங்குவியா நீ? மூஞ்சியத் தொடச்சிட்டுப் போ... புள்ளைக்குப் பசிக்கும்."

போனேன். அதன் பிறகு குழந்தையின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லி ஊட்டினேன். அடுத்த வருடம் அதுவும் கப்பலேறியது. கன்னம் உப்பித்தான் போனது.

சவரி காட்டிலும் சும்மா இருக்கவில்லை. பார்லோவுக்கு ஒரு மரம், பார்லிக்கு அடுத்த மரம் என்று பாடிக்கொண்டே பால் வெட்டுவாள். பக்கத்து நிரைப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். இவள் வேதக்காரப் பெண் அல்லவா... கங்காணி அதை ஜெபம் என்று நினைத்துத் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு நின்றாராம்! இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

அவள் பிள்ளைகள் ஸ்டெல்லாவுக்கும் சேவியருக்கும் இந்தக் கதை தெரியும். பாதிக் கதை.

"எங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. பாட்டுப் பாடியே பங்களா வேலையக் கோட்ட விட்டவங்க" என்று விசேஷ வீடுகளில் கிண்டல் செய்வார்கள். சவரியும் கூடச் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது, என் பேரன் போனில் அர்த்தம் தேடிச் சொன்னதைச் சொன்னேன். "சவரி, பார்லோ, பார்லி எல்லாம் நான் பேசுறேன், நீ பேசுறே, அவ்வளவுதானாம்."

"அலமாக்! இதுக்கா கங்காணி துண்ட அவுத்தாரு?"

சிரித்து அடங்கியதும், பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இருக்கிற வரைக்கும் வேணாம். அதுங்க சிரிக்கிறது எனக்குப் புடிச்சிருக்கு."

ஸ்டெல்லா, சேவியர்... அன்றைக்குப் பாடியது நான். உங்கள் அம்மா துண்டு எடுக்கப் போயிருந்தாள்.

நாளைக் காலை மூவாரிலிருந்து கிளம்பி வருகிறேன். திட்டுவதாக இருந்தால் நேரில் திட்டுங்கள்.

சவரி, நீ முன்னாடி போ. வழியில அட்டை கிடந்தா ஒதுக்கிப் போடு... பின்னாடியே நான் வரேன்.